‘நாளைக்கு ஓ.பி.க்கு வா’ என்று அனுப்பாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. படுக்கை போதவில்லை, ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லை, ஸ்கேனுக்கு விடிய விடியக் காத்துக்கிடக்கிறார்கள் என்றெல்லாம் எழுதுகிறீர்கள், எல்லாம் உண்மைதான். அதே வாசல் வழியாக இன்னொரு வகை நோயாளிகளும் வருகிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி கூட நான் எங்கும் படித்ததில்லை. பால்வினைத் தொற்றோடு வருகிறவர்களைச் சொல்கிறேன். டெல்டா மாவட்டத்தில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், பணிக்காலத்தில் பெரும்பகுதி கேஷுவாலிட்டியில்தான் போனது. அந்த அனுபவத்தில் சொல்ல வருவது ஒன்றுதான்: இவர்களுக்கு வந்த ராத்திரியே, வந்த இடத்திலேயே, பரிசோதனையும் மருந்தும் கிடைக்க வேண்டும். ‘நாளைக்குக் காலையில ஓ.பி.க்கு வாங்க’ என்று அனுப்பினால் அவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பி வரமாட்டார்கள், அது எனக்கும் தெரியும், அனுப்புகிற டாக்டருக்கும் தெரியும்.

ஏன் ராத்திரியில் வருகிறார்கள் என்று கேட்கலாம். பகலில் வர முடியாது, அதனால்தான். ஓ.பி. மதியத்தோடு முடிந்துவிடும், கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். சீட்டு வாங்கும் வரிசையில் சொந்த ஊர்க்காரர் யாராவது நிற்பார். பால்வினை நோய்ப் பிரிவு எந்த மூலையில் இருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது? பெண்களுக்கு இன்னும் கஷ்டம், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். லாரி ஓட்டுகிறவர் விடிவதற்குள் வேறு மாவட்டத்தில் இருப்பார். இத்தனைக்கும் மேலே, பல நாள் அடக்கி வைத்திருந்த வலியும் பயமும் கைமீறிப் போவது ராத்திரி வேளையில்தான்.

கேஷுவாலிட்டிக்கு வருவதற்குள் இவர்கள் கடந்து வந்த பாதை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்றதும் முதலில் சூடு என்றுதான் நினைப்பார்கள். இளநீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று நாலைந்து நாள் போகும். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் விஷயத்தைச் சொல்லாமல் ‘எரிச்சலுக்கு மாத்திரை குடுங்க’ என்று கேட்டு சிப்ரோபிளாக்சசின் நாலைந்து வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். கொனோரியா கிருமிக்கு அந்த மருந்து பழகிப்போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்கு அது பெரும்பாலும் வேலை செய்வதில்லை. கொஞ்சம் குறைந்தது போல இருக்கும், மறுபடி வரும். உள்ளாடையில் சீழ் படிவதைப் பார்த்த பிறகு சிலர் பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து லாட்ஜில் அறை எடுத்து முகாம் போடும் வைத்தியரிடம் போவார்கள், ஆயிரக்கணக்கில் கொடுத்து லேகியம் வாங்கி வருவார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் நம்மிடம் வருகிறார்கள்.

வந்தால் அங்கே என்ன நடக்கிறது? ஒரே ஒரு மேஜை. டியூட்டி டாக்டர், பக்கத்தில் பதிவேடு எழுதும் ஆள், எதிரே விபத்தில் அடிபட்டவரின் உறவினர்கள் பத்துப் பேர், கொஞ்சம் தள்ளி பெஞ்சில் அவுட்போஸ்ட் போலீஸ்காரர். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ‘என்ன பண்ணுது?’ என்று சத்தமாகக் கேள்வி வரும். மேஜை முன்னால் நிற்பவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ‘வயித்து வலி’ என்பார். அவ்வளவுதான், ஒரு ரானிடிடின் ஊசியோ பான்டோபிரசோலோ போட்டு அனுப்பிவிடுவார்கள். கொஞ்சம் தைரியம் உள்ளவர் குனிந்து காதோரம் ‘கீழ புண்ணு’ என்று சொன்னால், அதையே எழுதுகிற ஆள் திருப்பிச் சத்தமாகச் சொல்லிக் கேட்பார். அப்படிக் கேட்டவுடன் சீட்டைக் கூட வாங்காமல் திரும்பி நடந்து போன ஒரு பையனை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருபது வயது கூட இருக்காது. வாசல் வரைக்கும் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன், நிற்கவில்லை.

கேஷுவாலிட்டி டாக்டர்களை நான் குறை சொல்லவில்லை. நெஞ்சு வலி, பாம்புக் கடி, பூச்சி மருந்து குடித்தவர், தலையில் அடி என்று ஒரே நேரத்தில் நாலு உயிர் அவர் கையில் இருக்கும்போது வெள்ளைப்படுதலுக்கு எங்கே நேரம் என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு நேரம் தேவை என்று பார்ப்போம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு எத்தனையோ வருஷத்துக்கு முன்பே வண்ண வண்ணமாக ஏழு மருந்துப் பெட்டிகளை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. லேப் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல், நோயாளி சொல்லும் அறிகுறியையும் நாம் கண்ணால் பார்ப்பதையும் வைத்து எந்தப் பெட்டி என்று முடிவு செய்துவிடலாம். ஆணுறுப்பிலிருந்து சீழ் வந்தால் சாம்பல் நிறப் பெட்டி: அசித்ரோமைசின் 1 கிராம், செபிக்சிம் 400 மில்லிகிராம், இரண்டும் ஒரே வேளை. நம் கண் முன்னாலேயே தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிவிடலாம், கோர்ஸை முடித்தாரா இல்லையா என்ற கவலையே கிடையாது. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, வலியில்லாத புண்ணுக்கு வெள்ளை, கொப்புளத்தோடு வரும் ஹெர்பிஸுக்குச் சிவப்பு, பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள். இந்தப் பெட்டிகளெல்லாம் பகலில் திறக்கும் சுகவாழ்வு மையத்தின், அதாவது அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவின், அலமாரியில் இருக்கின்றன. மையம் பூட்டியிருக்கும் நேரத்தில் அலமாரியும் பூட்டித்தான் இருக்கும். கேஷுவாலிட்டியில் ஒவ்வொரு நிறத்திலும் நாலைந்து பெட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பெட்டி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. செப்ட்ரியாக்சோன் இல்லாத கேஷுவாலிட்டியே தமிழ்நாட்டில் கிடையாது, காய்ச்சல், காயம் என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுகிறோம். கொனோரியாவுக்கு இன்றைக்கு உலகம் முழுக்க முதலில் நம்பும் மருந்தும் அதுதான். அமெரிக்காவில் 2020 கடைசியில் வழிகாட்டுதலை மாற்றி, செப்ட்ரியாக்சோன் 500 மில்லிகிராம் ஒரே ஊசி, கிளமிடியா என்னும் இன்னொரு பால்வினைத் தொற்று இல்லை என்று உறுதியாகாவிட்டால் கூடவே டாக்சிசைக்ளின் ஒரு வாரம் என்று சொன்னார்கள். கையில் மருந்து இருக்கிறது, போட ஆளும் இருக்கிறார். இது நம் வேலை என்கிற எண்ணம்தான் இல்லை.

பெண்கள் விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை அதிகம். அடிவயிற்று வலியோடு ஒரு பெண் ராத்திரி வருகிறாள், கூடவே அம்மாவோ மாமியாரோ வருவார். முதல் கேள்வி ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ ஆகவில்லை என்று பதில் வந்தால் அந்தப் பக்கத்தை அதோடு மூடிவிடுவார்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யும் சின்னப் பட்டை சில ரூபாய்தான், அஞ்சு நிமிஷத்தில் முடிவு தெரிந்துவிடும், அதைக்கூடச் செய்யாமல் அல்சர், கேஸ், பீரியட்ஸ் வலி என்று ஊசி போட்டு அனுப்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. அது இல்லை என்றான பிறகும் கேள்வி முடிந்துவிடவில்லை, கருப்பை, கருக்குழாய்களில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருப்பை வாயை விரலால் லேசாக அசைக்கும்போது அந்தப் பெண் வலியில் துள்ளினால் அதுவே பெரிய அடையாளம், ஸ்கேன் அதற்குப் பிறகுதான். ஆனால் அந்தப் பரிசோதனைக்கு ஒரு மறைவான இடம் வேண்டும், பெண் துணை ஒருவர் கூட நிற்க வேண்டும், அந்தப் பெண்ணிடம் விளக்கிச் சொல்லி அவள் சம்மதம் வாங்க வேண்டும். இது மூன்றும் இல்லாததால் பரிசோதனையே நடப்பதில்லை. வலது பக்கம் வலித்தால் குடல்வால் என்று சர்ஜனுக்கு அனுப்புவார்கள், எரிச்சல் இருந்தால் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று எழுதுவார்கள். யூரினில் சீழ் செல் இருக்கிறது, கல்ச்சரில் ஒரு கிருமியும் வளரவில்லை என்றால் கிளமிடியாவாக இருக்குமோ என்று ஒரு முறை யோசித்தாலே போதும், அந்த யோசனை நம் ஊரில் வருவதில்லை. இந்தத் தொற்று ஈரல் உறை வரைக்கும் போய் வலது விலாவுக்குக் கீழே வலியை உண்டாக்குவதும் உண்டு, அதைப் பித்தப்பைக் கல் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாது. காட்டும்போதாவது பிடிக்க வேண்டும். விட்டால் கருக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும். மாவட்டத் தலைநகரம் தோறும் கருத்தரிப்பு மையங்கள் திறந்திருக்கின்றன, நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து தம்பதிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் குழாய் அடைப்பு என்று சொல்லப்படும் பெண்களில் சிலருக்காவது, என்றைக்கோ ஒரு ராத்திரி மஞ்சள் பெட்டி கையில் கிடைத்திருந்தால் கதை வேறு மாதிரி இருந்திருக்கும். பதினாலு நாள் மருந்து அது, டாக்சிசைக்ளினும் மெட்ரோனிடசோலும், முதல் நாள் செபிக்சிமும். கர்ப்பமாக இருந்தால் டாக்சிசைக்ளின் கூடாது, அதற்காகவும்தான் அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை முதலில் வேண்டும் என்கிறேன். காய்ச்சலும் வாந்தியும் அதிகம் இருந்தால் அட்மிட் செய்துதான் பார்க்க வேண்டும்.

அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுப் பெண்ணிடம் தனியாகப் பேசுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ‘நீங்க போய் ஓ.பி. சீட்டு பதிஞ்சுட்டு வாங்கம்மா’ என்று ஒரு வேலை கொடுத்தால் பத்து நிமிஷம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் ‘உனக்கு யார்கூடயாவது உறவு இருந்துச்சாம்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், மருந்து சரியா குடுக்கத்தான் கேக்குறேன்’ என்று கேட்டால் பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். கல்யாணமான பெண்களிடம் வேறு மாதிரி துயரம். தப்பே செய்யாதவள், கணவனிடமிருந்து வந்திருக்கும், அதைச் சொன்னால் வீட்டில் என்ன ஆகுமோ என்று அழுவாள். அவளுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பினால் மறு மாதமே திரும்ப வந்து நிற்பாள். கணவனுக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுத்தால்தான் முடியும். துணைவருக்கும் மருந்து கொடுங்கள் என்று நம் தேசிய வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, நேரில் வராத துணைக்கு நோயாளியின் கையிலேயே மருந்தையோ சீட்டையோ கொடுத்தனுப்பும் முறையை அமெரிக்காவில் 2006 முதலே பரிந்துரைக்கிறார்கள்.

பெனிசிலின் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சிபிலிஸ் என்னும் கிரந்தி நோய் போய்விட்டது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், போகவில்லை. புண் வலிக்காது, தானாகவே ஆறிவிடும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செந்நிறப் புள்ளிகள் வரும், மருந்து அலர்ஜி என்று சிட்ரிசின் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். சிலருக்குத் திடீரென்று பார்வை மங்கும், காது கேட்காமல் போகும், அதுவும் அவசரப் பிரிவுக்குத்தான் வரும். ஆரம்ப நிலையில் இதற்கு மருந்து பென்சத்தின் பெனிசிலின் 24 லட்சம் யூனிட், ஒரே தடவை, இரண்டு இடுப்பிலும் பாதிப் பாதியாகப் போடுவோம். கர்ப்பிணிக்கு இதை விட்டால் வேறு மருந்தே பரிந்துரையில் இல்லை. ஆனால் எங்கே போனாலும் பெனிசிலின் என்றாலே பயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘ரியாக்‌ஷன் வந்தா என்ன பண்றது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்பார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் ‘நாளைக்கு வாங்க’ என்பார்கள், கடையில் மருந்து கிடைக்காது. நான் கேட்பது இதுதான்: கடுமையான அலர்ஜி அபூர்வம், அப்படியே வந்தாலும் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இடம் எது? ஆக்சிஜனும் மானிட்டரும் மூச்சுக்குழாய் போடத் தெரிந்த டாக்டரும் இருபத்து நாலு மணி நேரமும் இருக்கும் இடம் எது? கேஷுவாலிட்டியைவிடப் பாதுகாப்பான இடம் பெனிசிலின் போட எங்கே இருக்கிறது? டெஸ்ட் டோஸ் போட்டு, அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டியதுதான். இன்னொன்று, ஊசி போட்ட அன்றைக்கே குளிர்காய்ச்சல், உடம்பு வலி வரலாம், கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது அது, ஒரு நாளில் அடங்கும். இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாவிட்டால் பெனிசிலின் ஒத்துக்கொள்ளவில்லை என்று அந்த நோயாளி ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்.

வாலிபப் பையன்களுக்கு விதைப்பையில் திடீர் வலி வந்தால் கூச்சப்பட்டு விடியட்டும் என்று படுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிளமிடியா, கொனோரியாவால் வரும் வீக்கமாக இருந்தால் மருந்தில் சரியாகும். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். எது என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது.

பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருகிறவர்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நேரம்தான் எல்லாம். ஹெச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் பி.இ.பி. மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் மிக நல்லது, எப்படிப் பார்த்தாலும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தினம் ஒரு மாத்திரை, 28 நாள். டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. எங்களுக்கெல்லாம் இந்த மாத்திரையைப் பற்றி நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஊசி குத்திக்கொண்டால் நாங்கள் போட்டுக்கொள்வது அதுதான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அது பிரசவ வார்டு அலமாரியில் ஊழியர்களுக்காக வைக்கப்பட்டிருந்தது. அதே கட்டடத்தின் கீழ்த் தளத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் முதலில் போலீஸ் மெமோ கேட்டு, அப்புறம் லேடி டாக்டருக்குச் சொல்லியனுப்பி, அவர் வந்து தடயங்களை எடுத்து முடித்த பிறகு விடிந்துவிட்டது. மாத்திரையைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை, மறுநாள் பகல் டியூட்டிக்கு வந்த ஒரு கவுன்சலர் கேட்ட பிறகுதான் கொடுத்தார்கள். நல்ல வேளையாக நேரம் தாண்டவில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையோ தனியாரோ உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், இது இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-வது பிரிவு. தராவிட்டால் மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 200-வது பிரிவு சொல்கிறது. குழந்தைகளுக்கு 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளில், அவசர சிகிச்சை தருவதற்கு முன் எந்த ஆவணத்தையும் கேட்கக் கூடாது என்றே இருக்கிறது. போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியது மருத்துவமனையின் கடமை, சொல்லட்டும், ஆனால் மெமோ வரும்வரை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. பி.இ.பி., பால்வினைத் தொற்றுக்கான தடுப்பு மருந்து, கர்ப்பம் தடுக்கும் மாத்திரை, ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி, நாலும் ஒரே பையில் தயாராக இருந்தால் ராத்திரி மூணு மணிக்கு யாரையும் எழுப்பித் தேட வேண்டியதில்லை.

போலீஸ் என்றதும் இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். வயது வந்த ஒருவர் தன் இஷ்டப்படி நடந்துகொண்டு அதனால் தொற்று வந்திருந்தால் அது போலீஸ் கேஸ் கிடையாது. ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுதத் தேவையில்லை, அவுட்போஸ்டுக்குச் சொல்லத் தேவையில்லை. பலர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் காக்கிச்சட்டையைப் பார்த்தே திரும்பிப் போகிறார்கள். பதினெட்டு வயது நிறையாதவர் என்றால் மட்டும் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லும் கடமை வருகிறது, அங்கேயும் சிகிச்சை முதலில்தான். ஹெச்.ஐ.வி. பரிசோதனைக்கு நோயாளியின் சம்மதம் கட்டாயம், முடிவை மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது, இது 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2018 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஹெச்.ஐ.வி. உள்ளவர் என்று காட்ட கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் வட்டம் போடும் பழக்கம் இன்னமும் எங்காவது இருந்தால் அது சட்ட மீறல்.

திருநங்கைகளும், ஆண்களோடு உறவு வைத்துள்ள ஆண்களும் ஆசனவாய் வலி, சீழ் என்று வந்தால் பார்க்காமலே மூலம் என்று களிம்பு எழுதிக் கொடுக்கிறார்கள். திருப்பூர், கோவை, சென்னைப் பக்கம் வேலை செய்யும் வட மாநிலத் தொழிலாளர்களுக்கோ வலியைச் சொல்லவே மொழி இல்லை. இவர்களுக்கெல்லாம் பகல் நேர மையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது, கேஷுவாலிட்டி சிவப்பு விளக்கு மட்டும் தெரியும்.

மழைக்காலத்தில் டெங்கு என்று வருகிறவர்கள் கூட்டத்தில் கூட ஒருவர் இருவர் வேறு மாதிரி இருக்கலாம். ஹெச்.ஐ.வி. தொற்றிய இரண்டு முதல் நாலு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, நெறிக்கட்டு வரும், பார்ப்பதற்கு வைரல் காய்ச்சல் போலவே இருக்கும், தானாக அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் சாதாரண ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்றுகூடக் காட்டலாம். டெங்கு டெஸ்ட் நெகட்டிவ், காரணமும் தெரியவில்லை என்றால் உறவு பற்றிய அந்த ஒரு கேள்வியைத் தனியாக அழைத்துக் கேட்டு, ஹெச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்குச் சீட்டு எழுதி, சில வாரம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் 2022 ஏப்ரலிலிருந்து லண்டன் உள்ளிட்ட ஹெச்.ஐ.வி. அதிகமுள்ள சில நகரங்களில், அவசரப் பிரிவில் எதற்காக ரத்தம் எடுத்தாலும், வேண்டாம் என்று நோயாளி சொல்லாதவரை, அதோடு சேர்த்து ஹெச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி பரிசோதனைகளையும் செய்கிறார்கள். நம் சட்டத்தில் சம்மதத்துக்கான விதி வேறு, அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அவசரப் பிரிவுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டதைச் சொல்கிறேன். நமக்கும் இது புதிது அல்ல. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பதை 1986-இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர்கள் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும். எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனி சங்கத்தை 1994-இலேயே ஆரம்பித்த மாநிலம் நம்முடையது. இவ்வளவு முன்னால் போன மாநிலத்தில் ராத்திரி வரும் நோயாளிக்கு நாலு மாத்திரை கிடைக்கவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. மேகநோய், வெட்டை, ஆண்மைக்குறைவு எல்லாம் ஒரே மாதத்தில் குணம் என்று லாட்ஜ் முகாம் தேதிகளோடு வரும் விளம்பரங்களைப் பத்திரிகைகள் வெளியிடாமல் இருக்க வேண்டும். பால்வினை நோய்க்கு மருந்து இருப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம், வெளியிடுகிறவருக்கும் அதில் பொறுப்பு உண்டு. எந்தப் பத்திரிகை என்று சொல்ல வரவில்லை, எல்லோருக்குமே இது பொருந்தும். அந்த இடத்தில் பக்கத்து சுகவாழ்வு மையம் எங்கே, எத்தனை மணி வரை என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள், எத்தனையோ பேருக்குப் பயன்படும்.

சுகாதாரத் துறைக்கு நான் கேட்பதில் பெரிய செலவு எதுவும் இல்லை. கேஷுவாலிட்டி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு திரை, உள்ளே ஒரு கட்டில், கருப்பை வாயைப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் கருவி, நல்ல விளக்கு. மருந்து அலமாரியில் அந்த ஏழு நிறப் பெட்டிகள், பி.இ.பி. மாத்திரை, கர்ப்பப் பட்டை, ஹெச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் விரல் நுனி ரத்தத்திலேயே பார்க்கும் ரேபிட் கிட். செவிலியர்களுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் ஒரு நாள் வகுப்பு, அதில் பாதி நேரம் எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கே ஒதுக்க வேண்டும். மருந்து கொடுத்து அனுப்பும்போது கையில் ஒரு சின்னச் சீட்டு, ஒரு வாரம் கழித்து எங்கே வரவேண்டும், கூட யாரை அழைத்து வரவேண்டும், அதுவரைக்கும் உறவு கூடாது என்று. காலையில் மையத்துக் கவுன்சலரிடம் ராத்திரிப் பட்டியல் போய்ச் சேர ஓர் ஏற்பாடு, பெயர் இல்லாமல் எண்ணோடு.

இதைப் படிப்பவர்களில் யாராவது இந்தத் தொந்தரவோடு இருந்தால், வயிற்று வலி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். மேஜை முன்னால் கூட்டமாக இருந்தால் ‘டாக்டர்கிட்ட தனியாப் பேசணும்’ என்று மட்டும் சொல்லுங்கள், கேஷுவாலிட்டியில் அப்படிச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. யாரும் கேட்காவிட்டால் டியூட்டி நர்ஸிடம் சொல்லுங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 1097-க்கு எந்த நேரத்திலும் போன் செய்து கேட்கலாம், கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
டெல்டா மாவட்டம்.